பசியைத் தின்ற பாசி

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவனைக் கடல் பைத்தியம் என்று ஊரில் சொல்வார்கள். கிளாட்வினைக் கேட்டால், பொழுது முழுவதும் பாசியோடு மல்லுக்கட்டுகிறவன் என்றுதான் சொல்வான். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் இயக்கும் வேலை அவனுக்கு. மில்லர்புரத்து வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு தொட்டியின் முன்னால் போய் நிற்பான். ஹால் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி. உள்ளே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பவளம், விரல் விரலாக நீண்ட ஒன்று, விளக்கு பட்டால் ஊதாவாக மினுங்கும் இன்னொன்று. மன்னார் வளைகுடாவில் பவளமெல்லாம் வெளுத்துச் செத்து, கடலடி சுண்ணாம்புக் காடாகக் கிடந்த காலம் அது. உயிருள்ள பவளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படி நாலைந்து வீட்டு ஹாலுக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தொட்டியில் முடிப்பாசி விழுந்துவிட்டது. முதலில் ஒரு கல்லில் பச்சையாக மீசை மாதிரி முளைத்தது. பிறகு பவளத்தின் மேலேயே ஏறிப் படர்ந்து மூச்சை அடைத்தது. நத்தை விட்டுப் பார்த்தான். தண்ணீரை மாற்றிப் பார்த்தான். விளக்கைக் குறைத்தான். பிடுங்கப் பிடுங்க வளர்ந்தது. கண்ணாடியில் படிவதை அவன் மனைவி ஜெசிந்தா தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். வடிகட்டித் துணியைப் பின்கட்டில் கொண்டுபோய் அலசுவதும் அவள்தான்.

அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த இசக்கிராஜ்தான் அதற்கு வழி சொன்னான். இசக்கிராஜ் இப்போது உப்பளங்களுக்கு நடுவே புதிதாக வந்திருந்த ஒரு தனியார் கடலுயிர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாட்டுக்கு வந்தவன், சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு குப்பியை எடுத்து மேஜையில் வைத்தான். உள்ளே தேயிலைச் சாயம் மாதிரி பழுப்புப் பச்சையாக ஏதோ இருந்தது.

“பாசி ஏன் வருது, சொல்லு பாப்போம்.”

“தண்ணில உரம் ஏறிப்போச்சு.”

“உரம் எங்கேருந்து வருது? நீ மீனுக்குத் தீனி போடுத. அது தின்னு கழியுது. கழிஞ்சது உரமாவுது. தீனிய நிறுத்திட்டா?”

“மீன் செத்துப்போவும்லே.”

“சாவாது. அதான் விஷயம்.” குப்பியை விரலால் சுண்டினான் இசக்கிராஜ். “உன் பவளம் என்னத்தத் தின்னுது? அதோட சதைக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு. வெளிச்சத்த வாங்கி, அது சமைச்சுப் போடுது. பவளம் தங்க இடம் குடுக்குது. காலங்காலமா நடக்குற குடித்தனம். அதே குடித்தனத்த மீனுக்கும் வச்சுக் குடுத்திருக்கோம். தோலுக்கடியில போயி உக்காந்துக்கிடும். விளக்க மட்டும் நல்லா எரிய விடு. தீனியும் வேண்டாம், கழிவும் கிடையாது, முடிப்பாசியும் வராது.”

கிளாட்வினுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே குப்பியைத் தொட்டியில் கவிழ்த்தான்.

மந்திரம் பலித்தது. தீனியை நிறுத்திக் கொஞ்ச நாளில் முடிப்பாசி உதிர்ந்து போனது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெளிந்தது. பவளங்கள் நுனியில் புதிதாகத் துளிர்த்தன. மீன்களின் வயிற்றோரம் மட்டும் லேசாகப் பழுப்புப் பச்சை நிழல் விழுந்திருந்தது. அவன் படம் எடுத்து, தொட்டிக்காரர்கள் குழுவுக்கெல்லாம் அனுப்பினான்.

அவன் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் இருந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. அவன் ஏழு வயது மகள் அனிலா பெரியதற்கு ராணி என்றும் சின்னதற்குக் குட்டான் என்றும் பேர் வைத்திருந்தாள். கிளாட்வின் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே இரண்டும் கண்ணாடிக்கு ஓடி வந்து வாலை ஆட்டிக் குதிக்கும். ஒருநாள் அவன் வந்து நின்றான். இரண்டும் வரவில்லை. விளக்குக்கு நேர் கீழே, முகத்தை மேலே தூக்கியபடி அசையாமல் மிதந்தன. கண்ணாடியைத் தட்டினான். ராணி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அடுத்த வாரம் நடந்தது அதைவிட மோசம். குட்டான் காவல் காத்துக்கொண்டிருந்த முட்டைகளை ஒரு நண்டு வந்து சாவகாசமாகப் பிய்த்துத் தின்றது. முன்பெல்லாம் சுத்தம் செய்யப் போகும் கையையே பாய்ந்து கடிக்கிற குட்டான், பக்கத்திலேயே மிதந்தபடி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இசக்கிராஜுக்குப் போன் போட்டான். அவன் சிரித்தான். “பசிச்சாத்தான மக்கா வரும்? இவ்வளவு நாளும் உன்னப் பாக்கவா ஓடி வந்துச்சு? உன் கையிலிருந்த தீனியப் பாக்க வந்துச்சு.”

அந்த மாதங்களில் வீட்டில் ஒரு நிம்மதி வந்திருந்தது. ஜெசிந்தா எதற்கும் சண்டை போடுவதில்லை. தொட்டி விளக்கு இழுக்கிற கரண்டைப் பற்றி முணுமுணுப்பதில்லை. அனிலா சாக்லேட் கேட்டு அடம் பிடிப்பதில்லை, சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதுமில்லை. வளர்ந்துவிட்டாள், புத்தி வந்துவிட்டது என்று கிளாட்வின் நினைத்தான். டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வருவதை ஜெசிந்தா சொன்னபோதுகூட, கேன்டீனில் வாங்கித் தின்றிருப்பாள் என்றான்.

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அவன் போனபோது விளையாட்டு நேரம். மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நடுவே, ஒரு துண்டு நிழல்கூட இல்லாத இடத்தில், அனிலா தனியாக நின்றாள். இரண்டு கையையும் விரித்து, முகத்தை நேராகச் சூரியனுக்குக் கொடுத்து, கண்ணை மூடியிருந்தாள். ஒரு பையன் ஓடி வந்து அவள்மேல் மோதினான். அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி அதே மாதிரி நின்றாள். முழங்காலில் ரத்தம் வந்தது. அழவில்லை.

“கொஞ்ச நாளா இப்படித்தான் சார் நிக்கா,” என்றார் டீச்சர். “சாப்பாட்டு பெல் அடிச்சாலும் உள்ள வர மாட்டேங்கா.”

கிளாட்வின் ஓடிப்போய் அவளைத் தூக்கினான். ரெட்டைச் சடையை ஒதுக்கிப் பிடரியைப் பார்த்தான். காதுக்குப் பின்னாலிருந்து முதுகு வரை, ராணியின் வயிற்றோரம் படிந்திருந்த அதே நிறம். தேயிலைச் சாயம். மைதானத்து மண்ணிலேயே பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தமயந்தி ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். “சர்க்கரை சரியா இருக்கு. எடையும் குறையல. ஆனா வயித்துல எதுவுமே இல்ல. நிறைய நாளா எதுவுமே போகல. தோலுக்கடியில உயிரோட பாசி இருக்கு. என் சர்வீஸ்ல நான் இப்படிப் பாத்ததே இல்ல.” பிறகு கேட்டார், “அந்தத் தொட்டியில கை விடுறது யாரு?”

“நான்தான் டாக்டர். பவளம் பட்டா எனக்குத் தடிச்சுப்போவும். அதனால முழங்கை வரைக்கும் கையுறை போட்டுத்தான் விடுவேன். பாப்பா எப்பவாவது மீனத் தொட்டுப் பாப்பா.”

“பெத்தவங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க.”

அவன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றிருந்த ஜெசிந்தாவிடம், “உனக்கு?” என்று கேட்டான்.

“பாத்தாச்சு. ஒண்ணுமில்ல,” என்றாள்.

மறுநாள் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்குப் போனான். உச்சி வெயில். இரண்டு பக்கமும் பாத்திகளில் வெள்ளை வெளேரென்று உப்பு கண்ணைக் குத்தியது. வழக்கமாக அந்த நேரத்தில் உப்பளத்தில் ஒரு தலை தெரியாது. ஓலைக் கொட்டகைக்குள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, கேலியும் கிண்டலுமாகப் பேசிச் சிரிப்பார்கள். அன்று கொட்டகை காலியாகக் கிடந்தது. ஒரு தூக்குவாளி இல்லை. ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலையில் துண்டு கட்டவில்லை. சட்டைக் கையையும் ரவிக்கைக் கையையும் மேலே சுருட்டி விட்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பலகை உப்பை இழுக்கும் கரகர சத்தம் மட்டும்தான் கேட்டது.

வரப்போரமாக நின்ற பெண்ணின் பக்கத்தில் பைக்கை நிறுத்தினான். சண்முகக்கனி என்று பேர் சொன்னாள். கழுத்தோரம் அதே சாயம்.

“சாப்பாட்டு நேரம் இல்லையாக்கா?”

“அத எடுத்தாச்சு சார். யாரும் சாப்பிடுறதில்ல, பெறவு எதுக்கு?”

“இது எப்படி வந்தது?”

“உப்புத் தண்ணில நின்னு கால் புண்ணாவும்லா. கம்பெனில களிம்பு குடுத்தாவ. தடவுனா புண்ணும் ஆறும், பசியும் எடுக்காதுன்னாவ.”

“நீங்க வேண்டாம்னு சொல்லலையா?”

அவள் அவனை விளங்காத மாதிரி பார்த்தாள். “பசி வந்து எனக்கு என்னத்தத் தந்துச்சு, வேண்டாம்னு சொல்லதுக்கு? இடுப்பொடிய வாரிட்டு வீட்டுக்குப் போயி உலை வைக்கணும். இப்ப பிள்ளைக்கு மட்டும் வடிச்சாப் போதும்.”

“பிள்ளைக்குத் தடவலையா?”

“அதுக்கு மாட்டேன்னுட்டேன். அது ஓடியாடி விளையாடணும்லா.” சொல்லிவிட்டு மறுபடி பலகையை இழுக்க ஆரம்பித்தாள்.

ஆய்வுக்கூடத்தில் இசக்கிராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான் கிளாட்வின். “என் பிள்ள வெயில்ல நிக்காலே! சோறு கேக்க மாட்டேங்கா! அழ மாட்டேங்கா!”

இசக்கிராஜின் முகம் வெளிறிப்போனது. “வெட்டுக்காயம் ஏதும் இருந்துச்சா அவ கையில?” என்றான் மெதுவாக. “அது வழியாத்தான் ஏறும். ஆளுக்கு ஆள் ஒட்டாது.”

“மனுசனுக்கு வரும்னு தெரிஞ்சா எனக்குக் குடுத்த?”

“சத்தியமா அப்பத் தெரியாது. மீனோட நிக்கும்னுதான் சொன்னாங்க. பெறவு எங்க ஆள் ஒருத்தனுக்கே ஏறிப்போச்சு. நாங்க பயந்து போனோம். மேல இருக்கவங்க பயப்படல. சந்தோஷப்பட்டாங்க.” ஜன்னலுக்கு வெளியே தெரிந்த உப்பளத்தைக் கையால் காட்டினான். “அதுக்குப் பெறவுதான் களிம்பு.”

“அப்ப எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?”

இசக்கிராஜ் தனக்குத்தானே பேசுகிறவன் மாதிரி சொன்னான். “வெயில் மட்டும் ஒரு உடம்புக்குப் பத்தாது மக்கா. கணக்குப் போட்டுப் பாத்தாச் சரிப்படாது. மிச்சத்த அது எப்படிச் சமாளிக்குதுன்னு ரொம்ப நாள் எங்களுக்கே பிடிபடல. உடம்போட செலவக் குறைச்சிருது. வேலைய நிறுத்தாது, அது பழகிப்போன அசைவு. மத்ததெல்லாம் நின்னுரும். பாட்டு, சண்டை, அழுகை, சிரிப்பு. எது இல்லாமலும் உசுரு இருக்குமோ அதெல்லாம்.”

கிளாட்வின் பிடியை விட்டான். “எடுக்க முடியுமா?”

“பவளம் வெளுக்குறது எதனால?”

“சூட்டால. கடல் சூடானா, உள்ள இருக்க பாசிய அது வெளிய துப்பிரும்.”

“இங்க ஒருத்தருக்கு டெங்கு வந்து கடுமையா காய்ச்சல் அடிச்சது. காய்ச்சலோட பாசியும் போயிருச்சு. எவ்வளவு சூட்டுல போச்சு, எவ்வளவு தாங்கலாம், ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு ஆள்தான். கம்பெனி மேற்கொண்டு பாக்க விடல.”

டாக்டர் தமயந்தி அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “வந்த காய்ச்சல இறக்கத்தான் படிச்சிருக்கேன். இல்லாத காய்ச்சல ஒரு பிள்ளைக்கு ஏத்தச் சொல்றீங்க. கண்ணால பாத்த ஒரு அத்தாட்சியாவது வேணும்.”

அத்தாட்சி காட்ட அவனிடம் ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து தொட்டியின் சில்லர் பெட்டியை அணைத்தான். தண்ணீரைக் குளிர வைத்துக் காத்த இயந்திரம் அது. ஹீட்டரின் திருகை ஏற்றினான். செல்போனைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்திப் படம் பிடிக்க விட்டான். எத்தனையோ வருஷம் ஒவ்வொரு கோடையிலும் எது நடந்துவிடக் கூடாது என்று பயந்தானோ அதைத் தன் கையாலேயே செய்தான்.

முதலில் பவளங்கள் கோழை கக்கின. ஊதா மங்கிச் சாம்பலானது. மூளைப் பவளத்தின் மடிப்புகளில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவன் மேலும் திருகினான். மீன்கள் செவுளை அகலமாகத் திறந்து திறந்து மூடின. திடீரென்று ராணியின் உடம்பைச் சுற்றிப் பழுப்பாகப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது. பின்னாலேயே குட்டானிடமிருந்தும். தண்ணீரே கலங்கிப் போயிற்று. ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு ஐஸ் கட்டிப் பைகளைத் தொட்டிக்குள் போட்டான்.

கலங்கல் அடங்கியபோது குட்டான் மணலில் சாய்ந்து கிடந்தான். அசைவில்லை. ராணி துடித்துக்கொண்டு நீந்தினாள். கண்ணாடியில் வந்து மோதினாள். மறுபடி மோதினாள். வாய் உடைந்துவிடும் போல மோதினாள். அவன் தீனியைத் தூவியதும் பாய்ந்து விழுங்கினாள். தீர்ந்ததும் திரும்பிப் போய்க் குட்டானின் உடம்பைக் கொத்த ஆரம்பித்தாள்.

கிளாட்வின் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினான். பின்னால் ஜெசிந்தா நின்றிருந்தாள்.

“ஒண்ணு செத்துப்போச்சு,” என்றான்.

“ஒண்ணு பிழைச்சிருக்குல்லா,” என்றாள் அவள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “டாக்டர்ட்டச் சொல்லுங்க. அனிலாவுக்குச் செய்யட்டும்.”

இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது என்று அவன் அசந்துபோனான்.

வெப்பப் போர்வை சுற்றி, பக்கத்திலேயே ஐஸ் வைத்துக்கொண்டு, இரண்டு நர்சுகளும் டாக்டரும் சூழ நிற்க, அனிலாவுக்குக் காய்ச்சல் ஏற்றினார்கள். பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்தது. கண் செருகியது. கிளாட்வின் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வார்த்தை மறந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னான். ஜெசிந்தா பிள்ளையின் கையைப் பிடித்தபடி மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு மேல என்னால முடியாது,” என்று டாக்டர் கையை எடுத்த நேரத்தில் அனிலாவுக்கு வியர்த்தது. வெள்ளைத் துணியில் பழுப்பு வட்டம் விழுந்தது. அது விரிந்துகொண்டே போய்ப் படுக்கை முழுக்க டீயைக் கொட்டியது போலாயிற்று. நர்சு ஒருத்தி “மாதாவே” என்று பின்வாங்கினாள்.

காய்ச்சலை இறக்கினார்கள். அனிலா கண்ணைத் திறந்தாள். முகம் கோணியது. பிறகு கத்தினாள். அந்த வார்டில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“பசிக்குதும்மா! பசிக்குது! பசிக்குது!”

கஞ்சியைத்தான் சிறுகச் சிறுகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஜெசிந்தா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிள்ளை விரலோடு சேர்த்துக் கடித்தாள். விடவில்லை. ரத்தம் வந்து கஞ்சியில் சொட்டியது. “ஏய், கைய எடு!” என்று கிளாட்வின் அலறினான். ஜெசிந்தா கையை எடுக்கவில்லை. பிள்ளை தானாக விடுகிற வரை அப்படியே இருந்தாள்.

டாக்டர் தமயந்தி எழுதி அனுப்பியதில் அதிகாரிகள் வந்து உப்பளத்தில் களிம்பை நிறுத்தினார்கள். காய்ச்சல் வைத்தியத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது இரண்டு பேர்தான் கை தூக்கினார்களாம். மற்றவர்கள், களிம்பு மறுபடி எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். இசக்கிராஜ் வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். அந்தச் செய்தியெல்லாம் கிளாட்வினின் காதில் விழுந்ததே தவிர மனசில் நிற்கவில்லை. வீட்டில் அனிலா கத்தினாள், அடம் பிடித்தாள், தட்டை வீசினாள், கதவை அறைந்தாள். ஒவ்வொரு சத்தமும் அவனுக்குத் திருவிழா மேளமாகக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாளைமீன் குழம்பு. அனிலா மூன்றாவது தடவை சோறு வாங்கினாள். வாங்கிக்கொண்டே கேட்டாள். “அம்மா, நீ ஏன் சாப்பிடவே மாட்டேங்க?”

“அம்மா அப்புறமா சாப்பிடுவா. நீ சாப்பிடு,” என்றான் கிளாட்வின். சொல்லிவிட்டு ஒரு கவளம் வாயில் வைத்தான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது சமையலறையில் சோற்றுப் பானை கவிழ்த்து வைத்திருந்தது. தேய்த்துக் கழுவிய பானை. குழம்புச் சட்டியும் கழுவியிருந்தது. பிள்ளையும் அவனும் தின்ற இரண்டு தட்டுகளுக்காக ஒரு வாளியில் தண்ணீர் காத்திருந்தது. மூன்றாவது தட்டு அலமாரியில் இருந்தது. அதன் மேல் மெல்லியதாகத் தூசி.

கிளாட்வின் அந்தத் தட்டை எடுத்தான். விரலால் தடவினான். தூசியில் கோடு விழுந்தது.

கழுவாத கையோடு மாடிப்படி ஏறி ஓடினான். மொட்டைமாடிக் கொடியில் துணியெல்லாம் எப்போதோ காய்ந்து விறைத்திருந்தது. ஜெசிந்தா தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டு, முதுகையும் பிடரியையும் வெயிலுக்குக் கொடுத்திருந்தாள். கழுத்திலிருந்து ரவிக்கைக்குள் இறங்கும் வரை அந்தச் சாயம். அனிலாவுக்கு இருந்ததைவிட அடர்த்தியாக, பல காலம் ஊறிய கறை மாதிரி.

“ஜெசி.”

கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. திரும்பச் சற்று நேரம் ஆயிற்று.

“ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னியே!”

“குடுக்கவே இல்ல,” என்றாள். “நானும் ஆஸ்பத்திரியில படுத்துட்டா பிள்ளைய யாரு பாக்குறது?”

“தொட்டித் துணிய அலசும்போது கையுறை ஒண்ணு கேட்டிருக்கலாம்லா...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். “சரி, நாளைக்கே டாக்டர்ட்டப் போவோம். அவ பிழைச்சால்லா, உனக்கும் ஒண்ணும் ஆவாது.”

“எனக்கு வேண்டாம்.”

“என்னது?”

“வேண்டாம்ங்க.” அவள் பல மாதங்களாக இவ்வளவு பேசியதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “காலையில எந்திரிச்சா அவ பசி. பெறவு உங்க பசி. முன்னாடி உங்க மீனோட பசி வேற. எல்லாம் முடிச்சுட்டு உக்காரும்போது என் பசி இருக்கும், சோறு இருக்காது. இல்லன்னா சோறு இருக்கும், உக்கார முடியாது. இப்ப அது ஒண்ணாவது இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

“இது நீ பேசுறியா ஜெசி? இல்ல அது பேசுதா?”

அவள் யோசித்தாள். அவன் கேட்ட எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் அவள் உண்மையாகவே யோசித்தது போலிருந்தது. “தெரியல,” என்றாள். “ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நினைக்கோம்னு தோணுது.”

அவன் அவள் கையைப் பிடித்தான். அனிலா கடித்த தழும்பு விரலில் இருந்தது. “எப்பலேருந்து? எப்பலேருந்து நீ சாப்பிடல?”

அவள் முகத்தில் கோபமில்லை. குத்திக் காட்டுகிற தொனியும் இல்லை. கிழமை கேட்டவனுக்குச் சொல்வது போல் சொன்னாள்.

“நான் பரிமாறத்தான செஞ்சேன்? உக்காந்து சாப்பிட்டது நீங்க. உங்களுக்குத்தான தெரியணும்.”

கிளாட்வின் எண்ணிப் பார்த்தான். சாளைக்குழம்பு ருசி நினைவில் இருந்தது. அதற்கு முந்தின வாரத்து நெத்திலி அவியல், பிறந்தநாளுக்குச் செய்த பிரியாணி, உப்புக் கூடிப்போன ரசம், எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றிலும் கரண்டி பிடித்த அவள் கை தெரிந்தது. அந்தக் கைக்கு மேலே முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு தேடியும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

கீழேயிருந்து அனிலா கத்தினாள். “அம்மா, மறுபடியும் பசிக்கு!”

ஜெசிந்தா உடனே எழுந்தாள். தலைமுடியை உதறிக் கொண்டை போட்டுக்கொண்டு, அவன் கையிலிருந்து விரல்களை மெல்ல உருவிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கீழே அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.